தற்கொலையும் சமுதாயத்தின் கடமையும்

தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொள்ளுதல் ஒருவருடைய மனப்பலவீனத்தின் விளைவு என்று கருதுவோர் எம்மிடையே பலர். அது விதியின் செயல் என்று சொல்லி அமைதியடைவோரும் உளர். ஊரிலே அத்தகைய மரணம் ஒன்று நேர்ந்துவிட்டால் சில நாட்களுக்குக் காதோடு காதாகப் பேசுகிறோம். பின்னர் வாய்மூடி விடுகிறோம். இறந்தவருடைய வீட்டாரோ துயரத்தோடு வெட்கத்தையும் சேர்த்துச் சுமக்கின்றனர்.

மேற்கூறிய இரு கருத்துக்களும் பொருந்தாதன என்பதைச் சரித்திரம் தெளிவாகக் காட்டுகின்றது. மனப்பலவீனந்தான் காரணமெனின், ஒரு நாட்டு மக்களின் மனம் நாற்பத்தைந்து ஆண்டுகளிலே ஏழு மடங்கு பலவீனமடைந்து, அடுத்த இருபது ஆண்டுகளிலே மீண்டும் பலமடைந்தது என்று சொல்லவேண்டி வரும். விதிதான் காரணமெனின், பாராளுமன்றத்திலே இயற்றப்பட்ட சட்டம் ஒன்றுக்கு விதி பணிந்தது என்று சொல்லவேண்டி வரும். இவை இரண்டும் நிகழ்ந்த நாடு எமது இலங்கையே. ஆதலின், பிறநாட்டுச் சரித்திரத்தைப் பெரிதும் தேடி அலையாமல், எமது தீவின் கதையையே முதன்மையாக எடுத்துக்கொண்டு, உயிர்களைக் காப்பதிலே சமுதாயத்துக்கு உள்ள பங்கை இங்கு ஆராய்வோம்.

பெரியபுராணம் காட்டும் சான்று

சைவ மக்களாகிய எமக்கு இவ்விடயத்திலே நல்லதொரு விளக்கு பெரியபுராணத்தில் உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டிலே சேக்கிழார் பெருமான் அருளிய அந்நூலிலே திலகவதியாரின் வரலாறு வருகின்றது. திருவாமூரிலே புகழனாருக்கும் மாதினியாருக்கும் பிறந்த அம்மையார் அவர். தந்தையும் தாயும் ஒருவர்பின் ஒருவராக மறைந்தனர். அவருக்கு மணம்பேசப்பட்டிருந்த கலிப்பகையாரும் போர்க்களத்திலே உயிர்நீத்தார். எல்லாப் பற்றுக்கோடும் இழந்த அம்மையார் தாமும் உயிர்விடத் துணிந்தார். அவ்வேளையிலே சிறுவராகிய தம்பி மருணீக்கியார் தமக்கையின் அடிகளில் விழுந்து அழுது, தாய்தந்தையரை இழந்த பின்னும் தாம் வாழ்வது அக்காவைக் கண்டே என்று இரந்து நின்றார். தம்பியின் பொருட்டு அம்மையார் உயிர் தாங்கினார்.

கதை அவ்வளவில் முடியவில்லை. பல்லாண்டு கழிந்தபின் அதே தம்பி சமண பாழியிலே தருமசேனர் என்னும் பெயரோடு இருந்த காலத்திலே சூலைநோய் அவரை வாட்டியது. உடனிருந்தோர் கைவிட்டனர். அவர் இரவோடு இரவாகத் திருவதிகையிலிருந்த தமக்கையாரிடம் வந்து சேர்ந்தார். “நீ எங்களை விட்டுப் போனவன் அல்லவா?” என்று அம்மையார் கேட்கவில்லை. திருநீறு கொடுத்துத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். திருநாவுக்கரசர் என்னும் பெருஞ்செல்வத்தைத் தமிழுலகு பெற்றது இவ்வாறே.

ஒரு முறை தம்பி அக்காவைக் காத்தார். மறு முறை அக்கா தம்பியைக் காத்தார். இருமுறையும் காத்தது உபதேசம் அன்று, உறவு. தான் ஒருவருக்கு வேண்டியவர் என்ற உணர்வு முதன்முறை காத்தது. எந்த நிலையில் வந்தாலும் ஏற்றுக்கொள்ள ஒரு வாசல் திறந்திருக்கின்றது என்ற நம்பிக்கை இரண்டாம் முறை காத்தது. இவ்விரண்டையும் இக்காலத்து ஆராய்ச்சியாளர் வேறு சொற்களாற் கூறுகின்றனர்.

பிரான்சிய அறிஞரின் ஆராய்ச்சி

தற்கொலையைச் சமுதாயத்தோடு தொடர்புபடுத்தி முறையாக ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் எமில் துர்க்கைம் என்னும் பிரான்சிய அறிஞர். 1858 இல் பிறந்து 1917 இல் மறைந்த இவர், 1897 இலே தற்கொலை பற்றிய தமது பெருநூலை வெளியிட்டார். ஐரோப்பிய நாடுகளின் மரணக் கணக்குகளை ஒப்புநோக்கியபோது, தனித்து வாழ்வோரிலும் பார்க்கக் குடும்பத்தோடும் பிள்ளைகளோடும் வாழ்வோரிடையே தற்கொலை குறைவாக இருப்பதைக் கண்டார். ஒருவரையொருவர் நெருங்கிப் பிணைக்கும் சமயக் கூட்டங்களிலே அது குறைவு; தனிமனிதனைத் தனியே விடும் கூட்டங்களிலே அது கூடுதல் என்றும் கண்டார். பழைய ஒழுங்குகள் சிதைந்து புதிய ஒழுங்குகள் நிலைபெறாத காலங்களிலே அது ஏறுகின்றது என்பது அவருடைய மற்றொரு முடிபு.

அவருடைய கணக்குகளிற் சிலவற்றைப் பின்வந்தோர் குறைகூறியிருக்கின்றனர். எனினும், தனியொருவரின் செயல் போலத் தோன்றும் இதற்குச் சமுதாயமும் காரணமாகும் என்ற அடிப்படை உண்மை இன்றும் நிலைத்து நிற்கின்றது.

பெரும் போர்களும் அரசியற் கொந்தளிப்புக்களும் நிகழும்போது தற்கொலை குறைவதையும் துர்க்கைம் எடுத்துக் காட்டினார். இதற்கு ஒத்த நிகழ்ச்சியொன்று யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. போருக்கு முன்னர் இங்கு உயர்ந்திருந்த தற்கொலை வீதம் போர் மூண்ட ஆண்டுகளிலே வீழ்ச்சியடைந்ததைப் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவரோடு ஆராய்ந்தவரும் 1995 இல் வெளியிட்ட கட்டுரையிலே எடுத்துரைத்தனர். இதனைக் கொண்டு போரைப் போற்றுவார் எவரும் இலர். போர் எத்தனை உயிர்களைக் குடித்தது என்பதையும், அது விட்டுச்சென்ற மனவடுக்களையும் நாம் அறிவோம். ஆயினும் ஒரு பாடம் உண்டு. ஒரே பதுங்குகுழியிலே அயலவரெல்லாம் கூடியிருந்த நாட்களிலே நிலவிய நெருக்கத்தை, அமைதிக்காலத்திலே எமக்கு எமக்கென மதில் எழுப்பி நாமே இழந்துவிடலாகாது என்பதே அது.

ஏழு மடங்கு ஏறிய துயரம்

இனி எமது நாட்டுக் கணக்கைப் பார்ப்போம். 1950 ஆம் ஆண்டிலே இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 6 அல்லது 7 பேரே தற்கொலையால் இறந்தனர். அக்காலத்திலே உலக நாடுகளோடு ஒப்பிடுகையில் இது உயர்ந்த தொகை அன்று. பின்னர் ஆண்டுதோறும் அது ஏறலாயிற்று. 1995 இலே ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் என்ற நிலையை எய்தியது. உலகத்திலேயே மிக உயர்ந்த வீதங்களைக் கொண்ட நாடுகளுள் ஒன்றாக எமது தீவு அன்று விளங்கியது. இறந்தோரிலே பெருந்தொகையினர் இளைஞரும் கிராமத்து உழவர் குடும்பத்தினரும் ஆவர்.

இவ்வேற்றத்துக்குக் காரணம் என்ன? சுதந்திரத்தின் பின் எமது நாட்டு வாழ்க்கை பல வகையிலும் மாறியது. குடித்தொகை விரைந்து பெருகியது. கல்லோயா முதலிய குடியேற்றத் திட்டங்களாலும், பின்னர் மகாவலித் திட்டத்தாலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிறந்த ஊரையும் சுற்றத்தையும் விட்டுப் புதிய நிலங்களிலே குடியேறின. கல்வி கற்ற இளைஞர் தொகை பெருகியது. அவர்களுக்கேற்ற உத்தியோகம் பெருகவில்லை. எதிர்பார்ப்பு மலையளவாகவும் கிடைத்தது தினையளவாகவும் இருந்தன. கேர்ணி, மில்லர் என்னும் இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1985 இல் எழுதிய கட்டுரையிலே, உள்நாட்டு இடப்பெயர்வும் சமுதாய மாற்றமும் இத்துயரத்தோடு தொடர்புடையன என்று காட்டினர்.

இவற்றோடு இன்னுமொன்றும் சேர்ந்தது. பசுமைப் புரட்சியின் விளைவாக 1960 களிலிருந்து கொடிய பீடைகொல்லிகள் குடிசைதோறும் புகுந்தன. முன்னாளிலே ஒருவர் கோபத்தால் அல்லது ஆற்றாமையால் தன்னை வருத்திக்கொள்ள நினைத்தாலும், அவ்வெண்ணம் தணியும்வரை காலம் இருந்தது. இப்பொழுதோ நஞ்சு கைக்கெட்டிய தூரத்திலே வந்துவிட்டது. அநுராதபுரம், பொலன்னறுவைப் பகுதிகளின் வைத்தியசாலைகளிலே உயிர்தப்பியோரை விசாரித்தபோது, அவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் அரைமணிக்கும் குறைந்த நேரமே அதைப்பற்றிச் சிந்தித்திருந்தனர் என்பது தெரிய வந்தது. அவர்களிலே பலர் உண்மையில் இறக்க விரும்பியவர் அல்லர். அந்நேரத்து வேதனையிலிருந்து விடுபட விரும்பியவரே. அந்த அரைமணி நேரத்தை எவ்வாறு கடப்பது என்பதே கேள்வியாக இருந்தது.

சட்டம் காத்த உயிர்கள்

1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் இச்சரித்திரத்திலே ஒரு திருப்பம். நாட்டுக்குள் எந்த மருந்து வரலாம், எது வரக்கூடாது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் அதனால் அரசுக்குக் கிடைத்தது. 1984 இலும், 1995 இலும், 1998 இலும், மீண்டும் 2008 முதல் 2011 வரையிலும் மிகக் கொடிய நஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட்டன. 1995 இன் பின் தற்கொலை வீதம் சரியத் தொடங்கியது. பத்தே ஆண்டுகளிலே அது பாதியாகியது. 1986 முதல் 1995 வரையான பத்தாண்டுகளிலே இறந்தோரிலும் பார்க்க 1996 முதல் 2005 வரையான பத்தாண்டுகளிலே 19,769 பேர் குறைவாக இறந்தனர். 1995 இலிருந்து 2015 வரை இத்தடைகளாற் காக்கப்பட்ட உயிர்கள் ஏறக்குறைய 93,000 என்று ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டுள்ளனர். அண்மை ஆண்டுகளிலே எமது வீதம் ஒரு இலட்சத்துக்கு 15 என்ற அளவிலே நிற்கின்றது. உலகத்தின் பல நாடுகள் இன்று இலங்கையை உதாரணமாகக் காட்டுகின்றன.

மருந்தைத் தடைசெய்தால் பயிர் அழியும் என்று அஞ்சியோர் அன்று இருந்தனர். நெல் விளைச்சலும் மரக்கறி விளைச்சலும் அத்தடைகளாற் குன்றவில்லை என்பதைப் பின்னர் கணக்குகள் காட்டின.

ஒரு வழி அடைபட்டால் மனிதர் வேறொரு வழியை நாடுவர். ஆதலின் தடையினாற் பயனில்லை என்ற வாதமும் எழுந்தது. அவ்வாறு பெருமளவில் நிகழவில்லை. பிரித்தானியாவிலும் இதே அனுபவம் ஏற்பட்டது. அங்கே வீடுகளுக்கு வழங்கப்பட்ட நச்சுத்தன்மையுள்ள நிலக்கரி வாயு படிப்படியாக மாற்றப்பட்டதால், 1963 க்கும் 1975 க்கும் இடையிலே தற்கொலைகள் மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைந்தன. நெருக்கடியான அவ்வேளையைக் கடந்துவிட்டவருக்கு வாழ்வு மீண்டும் கைகூடுகின்றது என்பது இதனாற் பெறப்படும் உண்மை.

இங்கே ஒரு நுட்பத்தையும் குறிப்பிடல் வேண்டும். மருந்தைத் தடைசெய்யாமல், பூட்டி வைக்கும் பெட்டியொன்றை வீடுதோறும் கொடுத்தால் என்ன என்று எண்ணி, வடமத்திய மாகாணத்தின் 180 கிராமங்களிலே பெரியதொரு பரிசோதனை நடத்தப்பட்டது. பாதிக் கிராமங்களுக்குப் பெட்டி கொடுக்கப்பட்டது, மறுபாதிக்குக் கொடுக்கப்படவில்லை. 2017 இல் வெளியான முடிபின்படி, பெட்டி கொடுத்த கிராமங்களிலே நன்மையேதும் காணப்படவில்லை. வீட்டுக்காரரை மாத்திரம் பொறுப்பாளியாக்கிவிட்டு நாடு ஒதுங்கிக்கொள்ள முடியாது என்பதை இது விளக்குகின்றது.

சட்டம் மற்றொரு வகையாலும் திருந்தியது. 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின்படி, தற்கொலைக்கு முயன்று உயிர்தப்பியவர் குற்றவாளி, சிறைக்கும் அனுப்பப்படலாம். துயரத்திலிருந்து தப்பி வந்தவரைப் பொலிசும் நீதிமன்றமும் வரவேற்றன. அச்சத்தால் குடும்பத்தார் உண்மையை மறைத்தனர். 1997 இல் இவ்விடயத்தை ஆராய ஜனாதிபதி குழுவொன்று அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலே, 1998 இல், அச்சட்டப்பிரிவு நீக்கப்பட்டது. ஆயினும் சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கிய குற்றம் ஊராரின் பேச்சிலிருந்து இன்னும் முற்றாக நீங்கியதென்று சொல்வதற்கில்லை.

எஞ்சியிருக்கும் துயரம்

இவ்வளவும் மகிழ்ச்சி தரும் செய்திகளே. எனினும் ஆறுதலடைந்து அமர்ந்துவிடலாகாது. இறப்பு குறைந்ததே தவிர, தம்மை வருத்திக்கொண்டு வைத்தியசாலைக்கு வருவோர் தொகை அதே அளவிற் குறையவில்லை. முன்னர் இறந்திருப்பவர் இன்று பிழைக்கிறார். ஆனால் அவரை அந்த நிலைக்குத் தள்ளிய துயரம் அப்படியே இருக்கின்றது. இன்றும் ஆண்டுதோறும் ஏறக்குறைய மூவாயிரம் பேரை நாம் இழக்கிறோம். கையிலிருந்த நஞ்சைச் சட்டம் பறித்தது. நெஞ்சிலிருக்கும் நஞ்சைப் பறிக்கச் சட்டத்தால் இயலாது. அது சுற்றத்தாரும் ஊராரும் செய்யவேண்டிய பணி.

அப்பணியின் வலிமை எத்தகையது? இலண்டன் மாநகரிலே 1953 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே சாட் வாரா என்னும் கிறித்தவக் குருவானவர் தமது தேவாலயத்திலே தொலைபேசியொன்றை வைத்து, மனமுடைந்தோர் தம்மோடு பேசலாமென அறிவித்தார். பலர் வந்தனர். அவர்கள் காத்திருக்கும் நேரத்திலே தேநீர் கொடுத்து உடனிருக்கச் சில தொண்டர்கள் முன்வந்தனர். அத்தொண்டர்களோடு மனம்விட்டுப் பேசியவர்களிற் பலருக்குக் குருவானவரைக் காணும் தேவையே இல்லாமற் போயிற்று! பொறுமையோடு செவிகொடுப்பதே மருந்தாக அமைந்ததைக் கண்ட அவர், அடுத்த ஆண்டே அப்பணியைத் தொண்டர் கையில் ஒப்படைத்தார். அதே நெறியிலே 1974 இல் கொழும்பிலே ஜோன் டி மெல் அம்மையார் சுமித்திரயோ இயக்கத்தைத் தொடங்கினார். 1986 இல் சென்னையிலே சினேகா என்னும் தொண்டுநிலையம் தோன்றியது.

செவிகொடுப்பதால் வரும் பயனை உலக சுகாதார நிறுவனம் அளந்தும் பார்த்தது. பிரேசில், இந்தியா, இலங்கை, ஈரான், சீனா ஆகிய ஐந்து நாடுகளிலே தற்கொலை முயற்சியின் பின் வைத்தியசாலைக்கு வந்த 1,867 பேர் இவ்வாராய்ச்சியிலே சேர்க்கப்பட்டனர். சென்னையும் கொழும்பும் இதில் இடம்பெற்றன. ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை மாத்திரம் அளிக்கப்பட்டது. மற்றப் பகுதியினருடன் வீடு செல்லுமுன் ஒரு மணி நேரம் அன்போடு பேசினர். பின்னர் பதினெட்டு மாதங்களுக்குள் ஒன்பது முறை நேரிற் சென்றோ தொலைபேசியிலோ சுகம் விசாரித்தனர். அவ்வளவே. 2008 இல் வெளியான முடிபு வியப்பூட்டுவது. வழக்கமான சிகிச்சை மாத்திரம் பெற்றோரிலே நூற்றுக்கு 2.2 பேர் பின்னர் தற்கொலையால் இறந்தனர். சுகம் விசாரிக்கப்பட்டோரிலே நூற்றுக்கு 0.2 பேரே இறந்தனர். ஒன்பது முறை “எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்பதற்குப் பெரும் பணமோ பட்டமோ வேண்டியதில்லை.

கட்டு இறுகினாலும் கேடு

சமுதாயம் காக்கும் என்றோம். அதே சமுதாயம் நெருக்கவும் கூடும் என்பதை மறைத்தல் நேர்மையாகாது. 1953 இலே ஸ்ட்ரவுஸ் என்னும் இரு ஆராய்ச்சியாளர் இலங்கையைப் பற்றி எழுதிய கட்டுரையொன்றிலே, கட்டுப்பாடு மிக இறுகிய சமுதாயங்களிலே தற்கொலை கூடுதலாகும் என்ற கருத்தை முன்வைத்தனர். யாழ்ப்பாணத்துச் சமுதாயத்தில் வாழும் நாம் இதை நெஞ்சிலே கைவைத்துச் சிந்திக்கவேண்டும். குலப்பெருமை, சீதனம், அந்தஸ்து, “நாலுபேர் என்ன சொல்லுவினம்” என்னும் அச்சம் ஆகியவை அணைக்கும் கைகள் அல்ல. கழுத்தை இறுக்கும் கயிறுகள். மனம் விரும்பியவரை மணக்க முடியாத பெண்ணும், பரீட்சையிலே தவறிய மாணவனும், குடியினாற் சீரழிந்த வீட்டின் தாயும் ஆறுதல் தேடி வரவேண்டிய இடத்திலே ஏளனத்தையே காண்பார்களாயின், அச்சமுதாயம் அவர்களுக்கு வீடன்று; சிறை.

பரீட்சையை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டிலே பரீட்சையில் தவறிய மாணவர் ஓராண்டு காத்திராமல், சில வாரங்களிலேயே மீண்டும் எழுதும் வாய்ப்பு அளிக்கப்பட்டது. ஆண்டு வீணாகாது என்ற நம்பிக்கை பல பிள்ளைகளைத் தாங்கிற்று. கடனை எடுத்துக்கொள்வோம். போரின் பின் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் பெற்ற பெண்கள் வாரந்தோறும் வாசலில் வந்து நின்ற வசூலிப்போரால் அவமானப்பட்டு வருந்தினர். விதியென்று நாம் சொல்லும் பல துயரங்கள் இவ்வாறு மனிதராலே ஆக்கப்பட்டவை. ஆதலின் மனிதராலே மாற்றத்தக்கவை.

வாலிபர் செய்யத்தக்கன

வாலிபர் சங்கங்களும், சனசமூக நிலையங்களும், ஆலய சபைகளும் எமது ஊர்களிலே உள்ளன. இவை திருவிழாவுக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் மாத்திரம் உரியனவல்ல.

முதலாவது, மனத்துயரைப் பற்றி வெளிப்படையாகப் பேசப் பழகுவோம். ஒருவரிடம் “சாகவேண்டுமென்ற எண்ணம் வருகிறதா?” என்று பரிவோடு கேட்டால் அவ்வெண்ணம் வளர்ந்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. கேட்பதால் பாரம் குறைகின்றது. திடீரென ஒதுங்குபவர், வாழ்வில் வெறுப்புற்றுப் பேசுபவர், பெருந்துயரத்துக்கோ கடனுக்கோ ஆளானவர் ஆகியோரைத் தேடிச் செல்வோம். வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இரண்டாவது, உயிர்தப்பி வீடு திரும்பியவரைக் கைவிடாதிருப்போம். அம்மாதங்களே மிக ஆபத்தானவை. அவரைச் சங்கத்துக்கு அழைப்போம். கோயில் தொண்டிலே பங்கு கொடுப்போம். தாம் வேண்டப்படுகிறோம் என்று அவர் உணரட்டும்.

மூன்றாவது, பரீட்சை முடிபு வெளியாகும் நாளிலே சித்தியெய்தியோருக்கு மாலை சூட்டுவதோடு நில்லாமல், தவறியோர் வீட்டுக்கும் இருவர் செல்வோம். அங்கே செல்லும் இருவரே அன்றைய நாளின் உண்மையான வீரர்.

நான்காவது, இத்துயரத்தால் ஒருவரை இழந்த வீட்டிலே காரணம் கிண்டாமலும், பழி தூற்றாமலும், மற்றெந்த மரணவீட்டிலும் போலவே கூடியிருப்போம்.

ஐந்தாவது, எமது அன்பினால் மாத்திரம் தீராத நோயும் உண்டென்பதை உணர்வோம். மனச்சோர்வு காய்ச்சலைப் போல் ஒரு நோய். அதற்கு வைத்தியம் உண்டு. மாவட்ட வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்வதில் இழிவில்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கம் இரவும் பகலும் இயங்குகின்றது. இவ்விலக்கம் எமது சங்க மண்டபத்திலும் பாடசாலைகளிலும் எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.

மானிடப் பிறவி கிடைத்தற்கரியது என்று எமது முன்னோர் மீண்டும் மீண்டும் கூறினர். அப்பிறவியை உடையவர் அதனை மதிக்கவேண்டும் என்பது மாத்திரம் அதன் பொருளன்று; சுற்றியிருப்போர் அவருடைய பிறவியை அரியதாக மதித்து நடத்தவேண்டும் என்பதும் அதன் பொருளாகும். திலகவதியாருக்கு ஒரு தம்பி இருந்தார். திருநாவுக்கரசருக்கு ஓர் அக்கா இருந்தார். எமது ஊரிலே தம்பியில்லாத அக்காமாரும் அக்காவில்லாத தம்பிமாரும் எத்தனையோ பேர் உளர். அவர்களுக்கு அவ்வுறவாக நிற்பதே இந்து வாலிபர் செய்யத்தக்க தலையாய சிவத்தொண்டு ஆகும்.